மூன்றாவது காது

ஆங்கிலம் உலகப் பொதுமொழியாக இருக்கத் தகுதியானதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியோடு குற்றப்பத்திரிகையையும் இணைத்திருக்கிறீர்கள்: எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறொன்று, கப்பலில் துப்பாக்கியோடு வந்து இறங்கிய மொழி, அதைத் தாய்ப்பாலோடு குடித்தவன் பந்தயம் தொடங்கும் முன்பே பத்தடி முன்னால் நிற்கிறான். இதற்குப் பதிலாக எஸ்பெராந்தோ போல யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியை வைத்துக்கொண்டால் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குற்றச்சாட்டுகள் அத்தனையும் சரி. எனக்கு மறுப்பில்லை. நான் முப்பத்தோரு ஆண்டுகள் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளனாக வேலை பார்த்தவன், பெரும்பகுதி மீனம்பாக்கத்தில். கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றுதான் உறவினர்கள் இன்றும் நினைக்கிறார்கள். அங்கேயும் இருந்தேன். ஆனால் அதிக காலம் இருந்தது ஜன்னல் இல்லாத, விளக்கைக் குறைத்த அறையில், ரேடார் திரைக்கு முன்னால். காதில் ஹெட்செட், வாயில் ஆங்கிலம். அதுதான் பிழைப்பு. மொழியியல் நான் படிக்கவில்லை. தச்சன் உளியைப் பற்றிச் சொல்வதுபோல எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தகுதியைப் பற்றி. எந்தப் பொதுமொழியும் தேர்வு எழுதிப் பதவிக்கு வந்ததில்லை. நியூட்டன் 1687-இல் தன் பெரிய நூலை லத்தீனில் வெளியிட்டார். 1704-இல் ஒளியைப் பற்றிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் லத்தீன் இலக்கணம் கெட்டுப்போகவில்லை, படிக்கிறவர்கள் மாறிவிட்டார்கள். ஐரோப்பிய அரசர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுத நெடுங்காலம் பிரெஞ்சையே வைத்திருந்தார்கள். 1919-இல் வெர்சாய் ஒப்பந்தம் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் சம மதிப்போடு எழுதப்பட்டது. அமெரிக்க அதிபர் மேசையில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம், ஆங்கிலத்தின் வினைச்சொல் அழகு அல்ல. வேதியியலும் மருத்துவமும் கற்க ஜெர்மன் வேண்டும் என்றிருந்த காலம் முதல் உலகப் போரோடு ஆட்டம் கண்டது. 1933-க்குப் பிறகு ஹிட்லர் தன் நாட்டு விஞ்ஞானிகளையே துரத்தியடித்து அதை முடித்துவைத்தார். விமானத் துறையும் இப்படித்தான். 1944-இல் சிகாகோவில் நாடுகள் கூடிச் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு விதி எழுதத் தொடங்கியபோது மற்ற நாடுகளின் தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் கிடந்தன, அமெரிக்காவில் விமானங்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தன. வண்டி யாருடையதோ, பேச்சும் அவனுடையது.

எண்ணிக்கை என்கிற வாதத்தையும் சிலர் கொண்டுவருவார்கள். தாய்மொழியாகப் பேசுகிறவர்களை எண்ணினால் மாண்டரின் சீனம்தான் முதலிடம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நாற்பது கோடிக்கும் குறைவு. தெரிந்தவர்களையெல்லாம் சேர்த்தால் நூற்றைம்பது கோடியைத் தொடுகிறது. இந்த வாதத்துக்கு நம் ஊரில் பழைய பதில் ஒன்று உண்டு. எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயிலை ஏன் வைத்தீர்கள், காக்கையை அல்லவா வைத்திருக்க வேண்டும் என்று அண்ணா கேட்டார். அவர் கேட்டது இந்திக்கு எதிராக. ஆனால் அந்தக் கேள்வி சீனத்துக்கும் பொருந்தும், ஆங்கிலத்துக்கும் பொருந்தும்.

எஸ்பெராந்தோவுக்கு வருகிறேன். 1887-இல் சாமென்ஹாஃப் என்ற கண் மருத்துவர் வார்சாவில் வெளியிட்ட மொழி. விதிவிலக்கே இல்லாத இலக்கணம், எழுதியபடி வாசிப்பு. 1920-களில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் அதைப் பள்ளிகளில் கற்பிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. குறுக்கே நின்றவர்கள் ஆங்கிலேயர்கள் அல்ல, பிரெஞ்சுக்காரர்கள். தங்கள் மொழிதான் ஏற்கெனவே உலக மொழி என்ற நினைப்பு அவர்களுக்கு! எனக்கு அந்த மொழியின் மேல் மரியாதை உண்டு. ஆனால் ஊரில் ஒரே ஒருவர் வீட்டில் தொலைபேசி இருந்தால் அவர் யாரைக் கூப்பிடுவார்? மொழியும் அப்படித்தான். இன்னொன்று, அதன் சொற்கள் பெரும்பாலும் லத்தீன் வழி வந்தவை, கொஞ்சம் ஜெர்மன், கொஞ்சம் ஸ்லாவியம். இத்தாலிக்காரனுக்குப் பாதி தெரிந்த மொழி. திருநெல்வேலிக்காரனுக்கு முழுக்க அந்நியம். நடுநிலை என்பது ஐரோப்பாவின் எல்லையோடு நின்றுவிட்டது.

ஆக, தகுதி என்று யாரும் எதையும் பார்க்கவில்லை. கையில் கிடைத்துவிட்ட இந்த மொழி எந்த இடத்தில் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, எந்த இடத்தில் செய்யவில்லை என்று பிரித்துப் பார்க்க மட்டும் என் தொழில் எனக்கு ஒரு வழி காட்டியது.

சென்னையை நோக்கி இறங்கிவரும் விமானத்தின் விமானி நெல்லைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிடும். நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். என் மனைவி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள்: ‘இரண்டு தமிழர்கள் வானத்திலும் பூமியிலும் நின்றுகொண்டு வெள்ளைக்காரன் மொழியில் பேசிக்கொள்வதா?’ காரணம் இருக்கிறது. அந்த அலைவரிசையில் நாங்கள் இருவர் மட்டும் இல்லை. பத்து மைல் பின்னால் ஒரு தாய்லாந்து விமானம் வருகிறது. அதன் விமானி எங்கள் பேச்சைக் கேட்டு, தனக்கு முன்னால் யார், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று மனத்தில் படம் போட்டுக்கொள்கிறார். நான் தவறு செய்தாலும் அவர் பிடித்துவிடுவார். நான் யாரிடம் பேசுகிறேனோ அவரைவிட, பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மூன்றாவது காது சில நேரம் முக்கியம்.

அந்தக் காதை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸில் ஒரு கதை உண்டு. 2000 மே 25, சார்ல் து கோல் விமான நிலையம். ஒரு பிரெஞ்சு விமானத்துக்குப் புறப்பட அனுமதி பிரெஞ்சு மொழியில் கொடுக்கப்பட்டது. அதே ஓடுபாதையில் நடுவழியாக நுழையக் காத்திருந்த சிறிய சரக்கு விமானத்தில் இருந்தவர்களிடம் கட்டுப்பாட்டாளர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சரக்கு விமானம் பிரெஞ்சு விமானத்துக்குப் பின்னால் நிற்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டு உள்ளே வரச் சொன்னார். பிரெஞ்சில் போன அனுமதி இவர்கள் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. ஓடிவந்த விமானத்தின் இறக்கை சிறிய விமானத்தின் முன்பகுதியை வெட்டிக்கொண்டு போனது. துணை விமானி இறந்தார். கட்டுப்பாட்டாளரின் தவறான கணிப்புதான் முதல் காரணம். ஆனால் அலைவரிசையில் இரண்டு மொழிகள் ஓடியதையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கனடாவின் க்யூபெக் மாநிலத்தில் பிரெஞ்சும் அலைவரிசையில் இருக்கலாமா என்பதற்காக 1976-இல் விமானிகள் வேலைநிறுத்தம் வரை போனார்கள். 1979-இல் விசாரணைக் குழு, முறையாகச் செய்தால் இரண்டு மொழிகளும் பாதுகாப்பாக இயங்க முடியும் என்றே முடிவு சொன்னது. உலக விதியும் உள்ளூர் மொழியைத் தடுக்கவில்லை. கேட்கிறவருக்கு ஆங்கிலம் கிடைக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். நான் ஆங்கிலத்தின் பக்கம் நிற்பது பாதுகாப்புக்காக, பக்தியால் அல்ல.

கொழும்போடு எங்களுக்கு ஒரு நேரடித் தொலைபேசி இணைப்பு உண்டு. ஒரு விமானம் நம் வான்பரப்பிலிருந்து அவர்கள் வான்பரப்புக்குள் போகும்போது எத்தனை மணிக்கு, எந்த உயரத்தில் எல்லையைக் கடக்கும் என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். அந்தப் பக்கம் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை. வேலைப் பேச்சு முழுவதும் ஆங்கிலம், ஏனென்றால் அந்த இணைப்பில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. நாளைக்கு விசாரணை அதிகாரி ஒருவர் கேட்க நேரலாம். எண்களையெல்லாம் திருப்பிச் சொல்லி முடித்த பிறகு, ரிசீவரை வைக்கும் முன்பு, ‘வைக்கிறேன் அண்ணை’ என்பார். அந்த இரண்டு சொற்களைப் பற்றி எந்த அதிகாரியும் இதுவரை கேட்கவில்லை.

எங்கள் ஆங்கிலம் உங்கள் பள்ளிக்கூட ஆங்கிலம் அல்ல. மூன்றைத் ‘ட்ரீ’ என்போம், ஐந்தை ‘ஃபைஃப்’, ஒன்பதை ‘நைனர்’. ஐந்தும் ஒன்பதும் ரேடியோ இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும், அதனால் ஒன்பதுக்கு ஒரு வால் ஒட்டினார்கள். ‘த்ரீ’யில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைக்கும் ஒலி உலகில் பாதிப் பேருக்கு வராது, எடுத்துவிட்டார்கள். ‘அஃபர்மேட்டிவ்’, ‘நெகட்டிவ்’ இரண்டின் வாலும் ஒன்று. முதல் பாதி இரைச்சலில் போனால் ஆம் என்பது இல்லை ஆகிவிடும். ஆகவே ‘அஃபர்ம்’ என்று நறுக்கினார்கள். ஆபத்தில் கூவும் ‘மேடே’ பிரெஞ்சிலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியர் கேட்டால் அழுவார். ஆனால் இந்த மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் யாரோ செத்திருக்கிறார்கள்.

1977 மார்ச் 27, டெனெரிஃபே தீவு, மூடுபனி. டச்சு விமானத்தின் துணை விமானி ‘வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’ என்றார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்று ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. எதிரே ஓடுபாதையில் இன்னொரு ஜம்போ. 583 பேர். அதற்குப் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் தவிர வேறெங்கும் உச்சரிக்கக் கூடாது என்றானது. மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’.

1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா விமானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடிக்க வைக்கப்பட்டது. நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல் என்று தலைமை விமானி துணை விமானியிடம் ஸ்பானியத்தில் சொன்னார். துணை விமானி ஆங்கிலத்தில் சொன்னது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று. ‘எமர்ஜென்சி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. கீழே இருந்த அமெரிக்கர்களுக்கு அது இன்னொரு சாதாரணத் தகவல். எரிபொருள் எல்லோருக்கும்தான் தீர்ந்துகொண்டிருக்கிறது. விமானம் லாங் ஐலண்டில் விழுந்தது. 73 பேர் இறந்தார்கள். இதை ஆங்கிலம் போதாத வெளிநாட்டானின் கதையாகவே சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வேற்றுமொழிக்காரன் ஒருவன் அரைகுறையாகச் சொல்கிறான் என்றால், ‘உனக்கு அவசர நிலையா?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டியது, அந்த மொழி கைவந்தவனின் பொறுப்பு.

மூன்றாவது கதையை நான் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் சொல்வேன். 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு சரக்கு ஜம்போ. உள்ளே நான்கு பேர். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த மலேசியக் கட்டுப்பாட்டாளர், ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்றார். ‘டூ’ என்பது இரண்டும் ஆகும், ‘வரைக்கும்’ என்றும் ஆகும். விமானி 400 அடி வரைக்கும் என்று எடுத்துக்கொண்டு, ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திருப்பிச் சொன்னார். கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். ஆங்கிலம் அவர்கள் வீட்டு மொழி. இரண்டு வெவ்வேறு சொற்களுக்கு ஒரே ஒலியை வைத்துக்கொண்டிருக்கும் மொழியில் எவ்வளவு தேர்ச்சி இருந்து என்ன?

இவ்வளவுக்கும் பிறகு உலகம் செய்தது என்ன தெரியுமா? தேர்வு வைத்தது. 2008 மார்ச் முதல் சர்வதேச வழித்தடத்தில் பறப்பவரும் அவர்களிடம் பேசுபவரும் ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் நான்காம் படியையாவது தொட்டிருக்க வேண்டும். நான்கில் இருப்பவர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி எழுத வேண்டும், ஐந்தில் இருப்பவர் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை. ஆறாம் படிக்கு மறுதேர்வு கிடையாது. தாய்மொழிக்காரர்கள் பெரும்பாலும் எந்தப் படியில் இருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வேகமும் வட்டார வழக்குமாகப் பேசி எனக்குப் புரியாமல் போனால், தேர்வுக்கு வரிசையில் நிற்பவன் நான்! தாய்மொழிக்காரரும் உலகத்துக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று வழிகாட்டி நூல் சொல்லத்தான் செய்கிறது. நடைமுறையில் அது காகிதத்தோடு சரி.

இந்தச் சலுகைக்கு வெளியே விலையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜெனீவாவில் பேராசிரியராக இருந்த பிரான்சுவா கிரேன் என்ற மொழிப் பொருளியலாளர் 2005-இல், ஆங்கிலத்தின் ஆதிக்கத்தால் பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 1,700 முதல் 1,800 கோடி யூரோ வரை ஆதாயம் என்று கணக்கிட்டார். பாடப்புத்தகம் விற்பது, தம் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி கற்பிக்காமல் மிச்சப்படுத்துவது எல்லாம் அதில் சேரும். கணக்கில் கூடக்குறைய இருக்கலாம், திசை சரி.

அறிவியலில் மூன்றாவது காது பாதிதான் திறந்திருக்கிறது. பறவைக் காய்ச்சல் கிருமி பன்றிகளிடம் தொற்றியிருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2004-இன் தொடக்கத்தில் தங்கள் மொழி இதழில் வெளியிட்டார்கள். உலகம் அஞ்சிக்கொண்டிருந்த செய்தி அதுதான். உலகச் சுகாதார அமைப்பின் கவனத்துக்கு அது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, எல்லோரும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பார்கள் சிலர். எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. பன்றி வளர்க்கிற சீன விவசாயிக்கும் அவர் ஊர்க் கால்நடை மருத்துவருக்கும் அந்தச் செய்தி முதலில் போக வேண்டாமா? அவர்கள் சீனத்தில் எழுதியது சரி. அதைப் படிக்க ஜெனீவாவில் இருக்கும் அந்த அமைப்பு ஆள் வைக்காததுதான் தவறு.

இனி நம் வீட்டுக்கு. தமிழர்களுக்கு ஆங்கிலத்தோடு இருக்கும் உறவு விநோதமானது. அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த பதினைந்து ஆண்டுத் தவணை 1965 ஜனவரி 26-இல் முடிந்தபோது, அதைப் போகவிடாமல் மறித்துத் தெருவில் நின்றவர்கள் நம் மாணவர்கள். 1937-இல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்த ராஜாஜியே பிற்காலத்தில் ஆங்கிலத்தின் பக்கம் நின்றார். அன்று ஆங்கிலம் யாருக்கும் செல்லப்பிள்ளை அல்ல, கேடயம். இலங்கையில் 1956-இல் அந்தக் கேடயம் பிடுங்கப்பட்டது. காலனி ஆட்சியின் மொழியை இறக்குகிறோம் என்று தொடங்கியது, சிங்களம் மட்டும் என்று முடிந்தது. அடி விழுந்தது ஆங்கிலேயர் மேல் அல்ல, தமிழர் மேல். இன்று அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் ஆங்கிலத்துக்கு ‘இணைப்பு மொழி’ என்று பெயர். நல்ல பெயர். அந்தப் பெயரின் அளவுக்குள் அது நின்றால் எனக்குச் சண்டையில்லை.

ஆனால் நிற்கிறதா? ஒரு நிலத் தகராறுக்காக என் சித்தப்பாவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறேன். அவருடைய வக்கீல் தமிழர், எதிர்த்தரப்பு வக்கீல் தமிழர், நீதிபதியும் தமிழர்தான். அரை மணி நேரம் அவருடைய நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். சித்தப்பா கைகட்டி நின்றுகொண்டு, யார் முகம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து வழக்கின் போக்கை ஊகித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துவைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ‘என்னப்பா சொன்னார்கள்?’ என்று கேட்டார். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவு ஆங்கிலம் என்கிறது. குடியரசுத் தலைவர் இசைந்தால் மாநில மொழியையும் பயன்படுத்தலாம் என்று வழியும் வைத்திருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களில் இந்தி அப்படித்தான் நுழைந்தது. தமிழுக்காக நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் போட்டது. கிடைக்கவில்லை.

அலைவரிசையில் இரண்டு தமிழர்கள் ஆங்கிலம் பேசுவதை நியாயப்படுத்திய நான், இங்கே மூன்று தமிழர்கள் பேசுவதை ஏன் குறை சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அங்கே மூன்றாவது காது தாய்லாந்துக்காரருடையது. இங்கே அது என் சித்தப்பாவுடையது. எவன் உயிரோ நிலமோ பேச்சில் தொங்குகிறதோ, அவன் காதுக்கு எட்டுகிற மொழிதான் அந்த இடத்தில் பொதுமொழி. தீர்ப்பை அடுத்த மாநிலத்து வக்கீலும் படிக்க வேண்டும் என்பார்கள். படிக்கட்டும், மொழிபெயர்த்துக் கொடுங்கள். வாதம் நடக்கும்போது நிற்கிறவனுக்குப் புரியட்டும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி மறந்துவிட்டேன். அது பைத்தியக்காரத்தனம்தான். 1476-இல் இங்கிலாந்துக்கு அச்சு வந்து எழுத்து உறையத் தொடங்கிய காலத்தில் உச்சரிப்பு நகர்ந்துகொண்டிருந்தது, பிறகும் நிற்கவில்லை. ரேடியோவில் எதையும் எழுதிக்காட்ட வேண்டியதில்லை என்பதால் அந்தத் தலைவலியிலிருந்து நான் தப்பித்தேன்.

கடைசியாக ஓர் இரவுப் பணி. வடகிழக்குப் பருவமழைக் காலம், வங்கக் கடலுக்கு மேலே மேகக் கூட்டம். ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் உயரம் மாற்றக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொரியர் ஒருவர், ஒவ்வொரு சொல்லையும் செங்கல் வைப்பதுபோல வைத்துக் கேட்டார்: குலுக்கல் காரணமாக ஃபிளைட் லெவல் ட்ரீ செவன் ஸீரோ, அதாவது 37,000 அடி உயரம், வேண்டும். இரண்டு விநாடியில் கொடுத்தேன். அடுத்து வந்தவர் ஆங்கிலமே தாய்மொழியான ஒருவர். நாடு வேண்டாம். ஒரே மூச்சில் என்னவோ சொன்னார், ‘சாப்’ என்று ஒன்று, ‘எனி சான்ஸ்’ என்று ஒன்று, நடுவில் ஒரு நகைச்சுவைகூட இருந்ததாக நினைவு. ‘ஸே அகெய்ன்’ என்றேன். அதையே இன்னும் வேகமாகச் சொன்னார். மறுபடி ‘ஸே அகெய்ன்’. அலைவரிசையில் நான்கு விமானங்கள் வாய் திறக்க முடியாமல் காத்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தடவை கேட்டபோது சற்று மௌனம். பிறகு அவரும் செங்கல் செங்கலாக வைத்தார்: ‘ரிக்வெஸ்ட். ஃபிளைட் லெவல். ட்ரீ நைனர் ஸீரோ. ட்யூ டர்புலன்ஸ்.’ கொடுத்தேன், ஏறிப்போனார்.